அப்பாவுக்குப் போட்டுக் காட்ட அந்தக் கால சி.ஐ.டி. படங்கள்: எதிலிருந்து தொடங்கலாம்?

தறிக்காரர் மகள் (குமாரபாளையம்):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பாவுக்கு 71 வயது. நாற்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, இப்போது கட்டிலோடு இருக்கிறார். தறிச் சத்தத்தில் காதும் கொஞ்சம் மந்தம். டிவியில் எதைப் போட்டாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சேனலில் ‘பளிங்கினால் ஒரு மாளிகை’ பாட்டு வந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். எட்டிப் பார்த்தால், அப்பாவின் விரல் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. “இது வல்லவன் ஒருவன். மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. ஜெய்சங்கர் சி.ஐ.டி.யா வருவாரு. பன்னண்டு வயசுல மணல்ல உக்காந்து பாத்தேன்” என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

நான் பிறந்தது 1983இல். எனக்கு ஜெய்சங்கர் என்றால் ‘முரட்டுக் காளை’ வில்லன், அப்புறம் அப்பா, சித்தப்பா வேடங்கள். அதற்கு முன்னால் அவர் துப்பாக்கியோடு ஓடிய காலம் தெரியாது. அந்தப் படங்களை வரிசையாக அப்பாவுக்குப் போட்டுக் காட்டலாம் என்று இருக்கிறேன். எதை முதலில் போடலாம்? அதைவிட முக்கியம், அந்த வயதுப் பையன்களுக்கு அந்தப் படங்களில் என்ன கிடைத்தது? தெரிந்தால் அவரோடு உட்கார்ந்து பேசலாம். பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ரீல் பெட்டி (ஆத்தூர்):

அம்மா, உங்கள் அப்பாவுக்கு என்னைவிட ஒரு வயது கூட. அவர் உட்கார்ந்த மாதிரி ஒரு மணல் மேட்டில்தான் நானும் உட்கார்ந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ‘வல்லவன் ஒருவன்’ படத்தையே போடுங்கள். அவரே பெயர் சொல்லிவிட்டாரே. ராத்திரி ஏழு மணிக்கு மேல், அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் போடுங்கள். அந்தப் படங்கள் இருட்டுக்கென்று எடுத்தவை.

எங்கள் மாமா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். ஆத்தூருக்குப் பக்கத்தில், வசிஷ்ட நதி ஓரம் கொட்டகை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். சேலத்திலிருந்து பஸ் கூரையில் தகரப் பெட்டி வந்து இறங்கும். அதைத் தூக்கி வருவது, ரீல் சுற்றிக் கொடுப்பது, புரொஜெக்டர் விளக்கில் எரிந்து குட்டையான கார்பன் குச்சிகளைப் பொறுக்கி வைப்பது எல்லாம் என் வேலை. கூலி கிடையாது, படம் இலவசம்.

படம் ரிலீஸாகி இரண்டு, மூன்று வருடம் கழித்துத்தான் எங்களுக்கு வரும். அதற்குள் பிரிண்ட் தேய்ந்து, கோடு கோடாக மழை பெய்ய ஆரம்பித்திருக்கும். அது எங்களுக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. காலையில் மாட்டு வண்டியில் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, தப்பட்டை அடித்துக்கொண்டு போவார்கள். ரோஸ் கலர் பிட் நோட்டீஸைப் பறக்கவிடுவார்கள். பாட்டுப் புத்தகம் தனியாக விற்கும். அதில் கதையைப் பாதி சொல்லி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடித்திருப்பார்கள். மற்றப் படங்களுக்கு அந்த வரி சும்மா ஒரு வழக்கம். சி.ஐ.டி. படத்துக்கு மட்டும் அந்த வரியைப் படித்தால் வயிற்றுக்குள் என்னவோ செய்யும்.

கொட்டகையில் ஒரே ஒரு புரொஜெக்டர். அதனால் மூன்று இடைவேளை. நாலு ரீலை ஒட்டி ஒரு பெரிய சுற்றாகச் சுற்றி ஓட்டுவார் மாமா. முக்கால் மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும், விளக்கைப் போட்டாக வேண்டும். குடும்பப் படம் என்றால் ஜனங்கள் எழுந்து முறுக்கு வாங்கப் போவார்கள். சி.ஐ.டி. படத்தன்று பாதிப் பேர் எழுந்திருக்க மாட்டார்கள். “அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரன்தான் தலைவன்”, “இல்லவே இல்லை, அந்தப் பணக்காரப் பெரியவர்தான், அவர் சிரிப்பே சரியில்லை” என்று மணலில் பஞ்சாயத்து நடக்கும். நடுவில் மூங்கில் தட்டி வைத்துப் பெண்கள் பக்கத்தைப் பிரித்திருப்பார்கள். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் பதில் வரும். மாமாவுக்கு முடிவு தெரியும். எத்தனை பேர் கெஞ்சினாலும் சொல்ல மாட்டார். எனக்கும் சொன்னதில்லை.

என்ன கிடைத்தது என்று கேட்டீர்களே. எங்கள் ஊரில் அப்போது ஒரே டெலிபோன்தான், போஸ்ட் ஆபீஸில். லிப்ட் என்றால் என்ன என்று தெரியாது. அந்தப் படத்தில் சுவர் விலகி வழி விடும். மேஜைக்கு அடியில் பொத்தான் இருக்கும். டேப் ரெக்கார்டரின் இரண்டு சக்கரமும் மெதுவாகச் சுற்ற, முகம் தெரியாத ஒருவரின் குரல் கட்டளை போடும். ஒரு பலகை நிறைய பல்புகள் மினுக் மினுக் என்று எரியும். அவ்வளவுதான். ஆனால் லாந்தர் வெளிச்சத்தில் படித்த பையனுக்கு அந்தப் பல்புப் பலகை ஒரு தேசம். ஜேம்ஸ் பாண்டின் முதல் படம் 1962இலேயே வந்துவிட்டது. அதெல்லாம் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் வந்திருக்கும், எங்கள் மணலுக்கு வரவில்லை. எங்களுக்கு முதல் உளவாளி ஜெய்சங்கர்தான்.

இன்றைக்குப் பார்க்கிறவர்கள் ‘செட் தெரிகிறது, தட்டி ஆடுகிறது’ என்று சொல்வார்கள். சேலத்தில் செட் வேலைக்குப் போன தச்சர் ஒருவர் மாமாவுக்குச் சிநேகிதர். வில்லனின் வரவேற்பறைச் சுவரைத் திருப்பி வைத்து வேறு வர்ணம் அடித்தால் போலீஸ் கமிஷனர் ஆபீஸ் ஆகிவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். எனக்கு அதைக் கேட்டதும் மரியாதைதான் கூடியது. கறுப்பு வெள்ளையில் ஒரே ஒரு விளக்கை வைத்து, முகத்தில் பாதியையும் சுவரில் முக்கால்வாசியையும் இருட்டில் விட்டுவிட்டால், இருக்கிற நாலு தட்டியே பாதாள மாளிகை ஆகிவிடும். கேமராமேனுக்குக் கைத்திறமை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாடர்ன் தியேட்டர்ஸைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படங்களைப் பேச முடியாது. டி.ஆர்.சுந்தரம் 1935இல், ஏற்காடு மலையடிவாரத்தில் தொடங்கியது. நடிகர், டெக்னீஷியன் எல்லோருக்கும் மாதச் சம்பளம். ஆபீஸ் மாதிரி மணி அடித்தால் வேலை. தமிழின் முதல் முழுநீளக் கலர் படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் அங்கிருந்துதான் வந்தது. 1963இல் சுந்தரம் காலமானார். அவர் மகன் ராமசுந்தரம் கையில் கம்பெனி வந்தபோதுதான் இந்தச் சி.ஐ.டி. படங்கள் பிறந்தன. பெரிய ஹீரோக்கள் எல்லாம் சென்னையில், அவர்கள் சம்பளமும் பெரிது. ஜெய்சங்கர் 1965இல் ‘இரவும் பகலும்’ படத்தில் அறிமுகமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நல்ல உயரம், வேகம், மேடை நாடகப் பழக்கம். இளைஞர், கேட்ட தேதி கிடைக்கும். அவரை வைத்துச் சிக்கனமாக, சீக்கிரமாக எடுத்து முடித்தார்கள். அவர் படங்கள் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்துகொண்டே இருந்ததால் ‘வெள்ளிக்கிழமை நாயகன்’ என்றே பெயர் வந்துவிட்டது. இன்னொரு பெயர் ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’.

கதையும் சொந்தச் சரக்கு இல்லை. ‘வல்லவன் ஒருவன்’ 1964இல் பிரான்சில் வந்த, ஓ.எஸ்.எஸ். 117 என்கிற உளவாளியின் படம் ஒன்றின் தழுவல். அந்தப் பிரெஞ்சுக்காரர்களும் பாண்ட் பட அலையில் படம் எடுத்தவர்கள்தான். அங்கே பாங்காக்கில் நடக்கிற கதையைச் சேலத்துக்காரர்கள் நம் பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். மெட்டும் அப்படித்தான். இசையமைப்பாளர் வேதா இந்தி மெட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவருவதில் பேர் போனவர். ‘ஓராயிரம் பார்வையிலே’ கூட இந்தியில் இருந்து வந்ததே. ஆனால் ‘பளிங்கினால் ஒரு மாளிகை’யை எல்.ஆர்.ஈஸ்வரி பாடும்போது அந்தக் குரலில் இருக்கிற அழைப்பும் ஆபத்தும் எங்கிருந்தும் கடன் வாங்கியவை அல்ல. ஆபத்தான இடத்துக்குள் கதாநாயகன் வந்துவிட்டான் என்பதை அந்தக் குரலே சொல்லிவிடும். உங்கள் அப்பாவின் விரல் தாளம் போட்டது அதற்குத்தான்.

இன்னொன்று சொல்கிறேன். பிலிம் அறுந்தால் மாமா இரண்டு கட்டம் (பிரேம்) வெட்டி, சுரண்டி, பிலிம் சிமெண்ட் என்கிற பசையைத் தடவி ஒட்டுவார். வெட்டிய துண்டு எனக்கு. ஒரு அடி பிலிமில் 16 கட்டம் இருக்கும். திரையில் நொடிக்கு 24 கட்டம் ஓடும். அப்படியானால் ஒரு அடித் துண்டு முக்கால் நொடிகூட இல்லை. என்னிடம் மூன்று கட்டம் உள்ள துண்டு ஒன்று இருந்தது. கோட்டுப் போட்ட ஒருவர், கையில் ரிவால்வர், பின்னால் கோடு போட்ட திரைச்சீலை. பியூஸ் போன பல்பின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் அது லென்ஸ். மத்தியான வெயிலில் வாசலில் ஒரு தம்பி கண்ணாடியைப் பிடிப்பான். கதவு இடுக்கு வழியாக வெளிச்சம் உள்ளே வரும். பிலிமைத் தலைகீழாகப் பிடித்தால் தாத்தாவின் வேட்டியில் அந்த ஆள் நிமிர்ந்து நிற்பார். நான் பக்கத்தில் நின்று வசனம் பேசுவேன். தண்ணீர் ஆடினால் அவரும் ஆடுவார், துப்பாக்கி சுடுகிற மாதிரியே இருக்கும். மூன்று கட்டத்தை வைத்து ஒரு கோடை விடுமுறை முழுவதும் படம் ஓட்டியிருக்கிறேன்.

வரிசை கேட்டீர்கள். ‘வல்லவன் ஒருவன்’ (1966) முடிந்ததும் ரவிச்சந்திரன் நடித்த ‘எதிரிகள் ஜாக்கிரதை’ (1967), இதுவும் மாடர்ன் தியேட்டர்ஸ்தான். அப்புறம் சோ எழுதிய ‘நீலகிரி எக்ஸ்பிரஸ்’ (1968), ரயிலில் ஆரம்பிக்கிற மர்மம். அதன் பிறகு ‘சி.ஐ.டி. சங்கர்’ (1969). எம்.ஜி.ஆர். நடித்த ‘ரகசிய போலீஸ் 115’, சிவாஜியின் ‘தங்கச் சுரங்கம்’ எல்லாம் பெரிய படங்கள், பெரிய செலவு. அவற்றைக் கடைசியில் போடுங்கள். முதலில் போட்டால் கண் அந்தப் பக்கம் போய்விடும்.

ஒரே ஒரு யோசனை. ஒரே ஓட்டமாகப் போட்டுவிடாதீர்கள். முக்கால் மணிக்கு ஒரு தரம் நிறுத்தி விளக்கைப் போடுங்கள். யார் மேல் சந்தேகம் என்று கேளுங்கள்.

அரிசிப்பாளையம் ரசிகன்:

அண்ணே, அருமை. ஒரு திருத்தம் மட்டும். ‘சி.ஐ.டி. சங்கர்’ 1970. சகுந்தலா அம்மா கதாநாயகியாக வந்த படம் அது. அதிலிருந்துதான் கடைசிவரை அவருக்கு ‘சி.ஐ.டி. சகுந்தலா’ என்று பெயர் நின்றது. சேலத்துப் பெண். 2024 செப்டம்பரில் காலமான செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் பெரியவர்கள் எல்லோரும் அந்தப் படத்தைத்தான் பேசினார்கள்.

ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது வீடுகள். ஏற்காடு ரோட்டில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியின் வேகத்தைக் குறைத்து ஒரு பார்வை பார்க்காமல் நான் போனதில்லை.

ரீல் பெட்டி (ஆத்தூர்):

சரிதான் தம்பி, 1970. நன்றி.

மாரிக்குப்பத்துப் பெண்:

நான் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சுரங்கத் தொழிலாளி. எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நாலும் வரும். அதனால் இந்த உளவாளிகள் எல்லோரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தோம்.

தெலுங்கில் 1966இல் கிருஷ்ணாவின் ‘கூடச்சாரி 116’. அதில் ஜெயலலிதா கதாநாயகி. அதையே 1967இல் இந்தியில் ஜிதேந்திராவை வைத்து ‘ஃபர்ஸ்’ என்று எடுத்தார்கள். தெலுங்கில் கேமரா பிடித்த ரவிகாந்த் நகாயிச்தான் அதற்கு டைரக்டர். 1968இல் தமிழில் ‘ரகசிய போலீஸ் 115’, அதிலும் ஜெயலலிதா. அதே வருடம் கன்னடத்தில் ராஜ்குமார் ‘ஜேடர பலெ’ படத்தில் சி.ஐ.டி. 999 ஆக வந்தார். துரை, பகவான் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தது. அது ஓடிய ஓட்டத்தில் உடனே ‘கோவாதல்லி சி.ஐ.டி. 999’, அடுத்த வருடம் ‘ஆபரேஷன் ஜாக்பாட்’. பிரெஞ்சுக்காரர் 117, தெலுங்கர் 116, தமிழர் 115 என்று எண் ஒவ்வொன்றாக இறங்கி வர, கன்னடத்துக்காரர்கள் மட்டும் ஒரேயடியாக 999க்குப் போய்விட்டார்கள். எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் பிள்ளைகள் விளையாடும்போது எண்ணுக்குத்தான் சண்டை. நான் எப்போதும் 116. என் அண்ணனுக்கு 999.

இந்தப் படங்களில் வில்லன் எப்போதும் பூமிக்கு அடியில்தானே இருப்பான்? பாறையைக் குடைந்து அறை, படிக்கட்டு, இரும்புக் கதவு. எங்கள் அப்பா அதை வேறு கண்ணால் பார்ப்பார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழம். எட்டு மணி நேரம் கீழே இருந்துவிட்டு வந்தவர். “இவ்வளவு பெரிய குகைக்குள்ள காத்து எந்த வழியா வருது? மேல ஒரு தூணும் காணோம்” என்று என் காதில் மெல்லக் கேட்பார். அப்புறம் அவரே மறந்துபோய், கதாநாயகன் கதவுக்கு ஓடும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

எங்கள் ஊரில் அடிக்கடி பாறை வெடிக்கும். சுரங்கத்துக்குள் அழுத்தம் தாங்காமல் தானாகவே வெடிப்பது. மேலே பாத்திரம் உருளும், ஜன்னல் ஆடும். ஒருநாள் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வில்லனின் இடம் வெடித்துச் சிதறுகிற காட்சிக்குக் கொஞ்சம் முன்னால் தரை ஆடியது. சின்னப் பிள்ளைகள் எல்லாம் படம்தான் என்று கை தட்டினோம். பெரியவர்கள் எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். இரவு ஷிஃப்டில் கீழே இருந்தவர்களின் வீட்டார் அவர்கள். அப்பா அன்று பகல் ஷிஃப்ட், என் பக்கத்திலேயே இருந்தார். அவரும் எழுந்தார், ஆனால் என் கையை விடவில்லை. பதினைந்து நிமிஷம் கழித்து, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று ஆள் வந்து சொன்னார். எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். ஆபரேட்டர் நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி ஓட்டினார். படத்தில் அந்த வெடிக்கிற காட்சியைப் பார்க்கும்போது ஒருவரும் சத்தம் போடவில்லை.

2001இல் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். ராஜ்குமார் படத்தின் ஆரம்ப இசையைக் கேட்டால் எனக்கு இன்னும் அப்பாவின் உள்ளங்கைக் காய்ப்புதான் ஞாபகம் வருகிறது.

தறிக்காரர் மகள் (குமாரபாளையம்):

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடியே நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ‘வல்லவன் ஒருவன்’ போட்டேன். காது கேட்காது என்று சவுண்டைக் கூட்டப் போனேன். “வேணாம், இதை எனக்குக் கேக்கத் தேவையில்லை” என்றார். சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு தலையணை கேட்டு நிமிர்ந்து சாய்ந்துகொண்டார்.

முக்கால் மணியில் நிறுத்தி விளக்கைப் போட்டேன். “யார் மேலப்பா சந்தேகம்?” என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள், அடுப்படி வாசலில் முந்தானையில் கை துடைத்தபடி நின்ற அம்மா பதில் சொன்னார். யார், ஏன், எந்தக் காட்சியில் மாட்டுவான் என்பது வரைக்கும். அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

“நீ எங்க பாத்தே?”

“அதே கொட்டாய்லதான். தட்டிக்கு இந்தப் பக்கம்.”

கல்யாணம் ஆகி 47 வருடம். இரண்டு பேரும் ஒரே ஊர் என்பது எனக்குத் தெரியும், ஒரே கொட்டகை என்பது அவர்களுக்கே நேற்றுத்தான் தெரிந்தது. அம்மா நாற்காலியை இழுத்துக் கட்டிலை ஒட்டிப் போட்டுக்கொண்டார். நான் விளக்கை அணைத்தேன்.

நாளைக்கு ‘எதிரிகள் ஜாக்கிரதை’. நல்ல பிரிண்ட் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.